ஜெமினியெல்லாம் எறங்கு!

“கீழே ஆத்தையே காணோமே... அப்புறம் எதுக்குய்யா பாலம்?”

1975-ல், ஒரு பல்லவன் பஸ்ஸில், என் அப்பா கண்டக்டரிடம் கேட்ட கேள்வி இது. அப்பாவுக்குக் கும்பகோணம் பக்கம் கிராமம். பாலம் என்றால் கீழே காவிரி ஓட வேண்டும். குறைந்தபட்சம் ஒரு வாய்க்காலாவது வேண்டும். கண்டக்டர் அசரவில்லை.

“நல்லா குனிஞ்சு பாரு பெருசு! காரு, ஸ்கூட்டரு, சைக்கிள் எல்லாம் ஓடுதுல்ல? அதான் எங்க ஊரு ஆறு!”

பஸ்ஸே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஏழு வயசுப் பொடியன் நான் மட்டும் சிரிக்கவில்லை. நாற்பதுகூட ஆகாத என் அப்பாவை ‘பெருசு’ என்று கூப்பிட்டு விட்டாரே என்று கோபம்.

ஜெமினி மேம்பாலத்துக்கும் எனக்கும் அறிமுகம் ஏற்பட்டது இப்படித்தான்!

அரசாங்க ரிக்கார்டில் அதற்குப் பெயர் அண்ணா மேம்பாலம். ஆனால் ஒரு ஆட்டோக்காரரிடம் போய் “அண்ணா மேம்பாலம் போகணும்” என்று சொல்லிப் பாருங்கள். ஒரு விநாடி முழிப்பார். “ஜெமினிப்பா” என்றால், “முன்னாடியே சொல்றதில்ல?” என்று வண்டியைக் கிளப்பி, மீட்டருக்கு மேலே எவ்வளவு என்ற பேச்சை ஆரம்பித்து விடுவார்.

சமீபத்தில் ஒரு நவம்பர் காலை. தூறல். ஜெமினி முனையில் இருக்கும் அமெரிக்கத் தூதரகத்துக்கு எதிரே குடையும் கையுமாக நின்றிருந்தேன். விசா எனக்கு இல்லை, என் பையனுக்கு. மேல்படிப்பு. உள்ளே செல்போன் கொண்டு போகக்கூடாது என்பதால் அவனுடைய போன், வாட்ச், பர்ஸ் எல்லாம் என் பாக்கெட்டில். குளிக்கப் போகிறவனின் துணிமணியை வைத்துக்கொண்டு படித்துறையில் நிற்கிற மாதிரி நின்றேன்.

“ரெண்டு மணி நேரம் ஆகலாம்ப்பா. செம்மொழிப் பூங்கா வாசல்ல நில்லு. வந்துடறேன்” என்றான். இரண்டடி போனவன் திரும்பினான்.

“ஏம்ப்பா, இந்த இடத்துக்கு ஏன் ஜெமினின்னு பேரு? ஜெமினி கணேசன் வீடு இங்க இருந்துச்சா?”

இருபத்திரண்டு வருஷமாகச் சென்னையிலேயே வளர்ந்தவன் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்! “போய்ட்டு வா, சொல்றேன்” என்று அனுப்பினேன். அப்புறம் யோசித்தேன். இரண்டு மணி நேரம் கையில் இருக்கிறது. நின்ற இடத்தில் நின்றால் கவலைதான் வரும். ஜெமினியை ஒரு சுற்று சுற்றி வந்தால் என்ன?

சுற்றினேன்.

* * *

முதலில் பையனின் கேள்வி. ஜெமினி கணேசனால் இந்த இடத்துக்குப் பெயர் வரவில்லை. இந்த இடத்தால்தான் கணேசன் ‘ஜெமினி’ கணேசன் ஆனார்! கெமிஸ்ட்ரி லெக்சரராக இருந்த கணேசன், இங்கே இருந்த ஜெமினி ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். நடிக்க வாய்ப்புக் கேட்டு வருகிறவர்களைப் பார்த்துத் தேர்வு செய்கிற வேலை. 1947-ல் ‘மிஸ் மாலினி’ படத்தில் ஒரு சின்ன வேஷம். பிறகு நடந்தது நமக்குத் தெரியும். வேலையை விட்டும் கம்பெனி பெயர் ஒட்டிக்கொண்டது. நம் ஆபீஸ் பெயரும் இப்படி ஒட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

ஸ்டூடியோ முதலில் டைரக்டர் கே.சுப்ரமணியம் தரப்பிடம் இருந்தது. தீ விபத்தில் பாழாகி ஏலத்துக்கு வந்தபோது, 1940-களின் ஆரம்பத்தில், எஸ்.எஸ்.வாசன் சுமார் 86 ஆயிரம் ரூபாய்க்கு அதை எடுத்தார். இதே வாசன்தான் அதற்கு முன் 1928-ல் ‘ஆனந்த விகடன்’ பத்திரிகையை 200 ரூபாய்க்கு வாங்கியவர். பெயரில் எட்டு எழுத்து, எழுத்துக்கு 25 ரூபாய் என்று கணக்குப் போட்டதாகக் கதை சொல்வார்கள்.

‘ஜெமினி’ என்ற பெயர் எப்படி வந்தது? இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஜோசியப் பிரியர்கள் மிதுன ராசியைக் காட்டுவார்கள். கிண்டி பக்கம் போய் வந்தவர்கள் வேறு கதை சொல்வார்கள். வாசன் பந்தயக் குதிரைகள் வைத்திருந்தவர், ஜெயித்துக் கொடுத்த ஒரு குதிரையின் பெயரைத்தான் கம்பெனிக்கு வைத்தார் என்று. இந்தக் குதிரையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

இரண்டு சிறுவர்கள் எக்காளம் ஊதுவார்களே, அந்த முத்திரையோடு இங்கிருந்து படங்கள் கிளம்பின. 1948-ல் ‘சந்திரலேகா’. பெரிய பெரிய முரசுகள் மேல் ஆடுகிற அந்த நடனத்துக்காகவே ஊர் ஊராக ஜனம் வண்டி கட்டிக்கொண்டு போனது. 1953-ல் ‘ஔவையார்’. எழுத்தாளர் அசோகமித்திரன் 1952-லிருந்து 1966 வரை இந்த ஸ்டூடியோவில்தான் வேலை பார்த்தார். செய்தித்தாளில் வருகிற சினிமாச் செய்திகளைக் கத்தரித்து ஒட்டி ஃபைல் பண்ணுவதும் அவருடைய வேலைகளில் ஒன்று. ஆபீசில் ஃபைல் ஒட்டுகிற சகோதரர்களே, மனம் தளர வேண்டாம்!

1969-ல் வாசன் மறைந்தார். எழுபதுகளில் ஸ்டூடியோவும் மங்கியது. இப்போது அந்த வளாகத்தில் தி பார்க் ஹோட்டலும் வணிக வளாகங்களும் நிற்கின்றன. ஹோட்டலுக்குள் பழைய சினிமா போஸ்டர்களை அலங்காரமாக வைத்திருக்கிறார்கள். முரசு இருந்த இடத்தில் இப்போது கார் பார்க்கிங்கோ என்னவோ.

* * *

ஸ்டூடியோ வாசலில் ஒரு ரவுண்டானா இருந்தது. அதுதான் ‘ஜெமினி சர்க்கிள்’. அந்தப் பக்கம் கதீட்ரல் ரோடு, இந்தப் பக்கம் நுங்கம்பாக்கம் ஹை ரோடு, ஜி.என்.செட்டி ரோடு, நடுவில் மவுண்ட் ரோடு. எல்லா வண்டியும் இங்கே வந்து முட்டிக்கொள்ளும். பம்பாயில் 1965-லேயே கெம்ப்ஸ் கார்னரில் மேம்பாலம் வந்து விட்டது. ‘நமக்கு எப்போ?’ என்று கேட்ட சென்னைக்கு, 1973-ல் பதில் கிடைத்தது. சென்னையின் முதல் மேம்பாலம்! சுமார் 250 மீட்டர் நீளம், 66 லட்சம் ரூபாய் செலவு, 21 மாதத்தில் வேலை முடிந்தது. ‘சந்திரலேகா’வுக்கு அந்தக் காலத்திலேயே 30 லட்சம் செலவானதாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டால் ரெண்டு சந்திரலேகா, கொஞ்சம் சில்லறை... ஒரு மேம்பாலம்!

மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆகி, பாலத்தின் மேலே ஏறிக்கொண்டது. மற்ற ரோடுகள் கீழே நின்று சிக்னலுக்குக் காத்திருக்கின்றன. இப்போது அதற்கும் கீழே, பூமிக்கு அடியில், மெட்ரோ ரயில் ஓடுகிறது. 2019 பிப்ரவரியில் இந்தத் தடம் திறந்தது. இந்தப் பக்கம் ஆயிரம் விளக்கு, அந்தப் பக்கம் டி.எம்.எஸ். என்று ஸ்டேஷன்கள். ‘ஜெமினி’ என்று ஒரு ஸ்டேஷன் மட்டும் இல்லை. ரயில் ஓடுவதற்கு முன் சுரங்கம் தோண்டுகிறபோது, 2017 ஏப்ரல் 9-ம் தேதி, சர்ச் பார்க் பக்கத்தில் அண்ணா சாலையே உள்வாங்கி, ஒரு மாநகர பஸ்ஸும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கி விட்டன. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஸ்டாப்பிங் இல்லாத இடத்தில் பஸ் நின்றது சென்னை சரித்திரத்தில் அன்றைக்கு ஒருநாள்தான் என்று எங்கள் ஆபீசில் ஜோக் அடித்தார்கள்.

பாலத்தை ஒட்டி, திமிறுகிற குதிரையை ஒரு ஆள் இழுத்துப் பிடித்து நிறுத்துகிற சிலை. அவசரத்தில் போகிறவர்கள் ஏதோ ராஜா சிலை என்று நினைப்பார்கள். ராஜாவெல்லாம் இல்லை. ரேஸில் பணத்தைத் தொலைத்து நடுத்தெருவுக்கு வந்த குடும்பங்கள் ஏராளம். 1974-ல் கலைஞர் அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டு வந்தது. அதன் நினைவாக வைத்த சிலை இது.

ரேஸ் கிளப் விடவில்லை, கோர்ட்டுக்குப் போனது. ‘குதிரைப் பந்தயம் சூதாட்டம் இல்லை, திறமை சார்ந்த விளையாட்டு’ என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆக, சிலைக் குதிரை இங்கே நின்றது. நிஜக் குதிரை கிண்டியில் ஓடியது! கடைசியில் 2024 செப்டம்பரில் தமிழக அரசு கிண்டி ரேஸ் கோர்ஸின் குத்தகையை ரத்து செய்து நிலத்தைக் கையகப்படுத்தியது.

இப்போது அந்தப் பழைய குதிரையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ரேஸ் குதிரையின் பெயரால் அமைந்த இடம் என்று சொல்கிறார்களே, அந்த இடத்திலேயே ரேஸை ஒழித்ததற்கும் ஒரு குதிரை! சென்னையில் மட்டும்தான் சார் இப்படி நடக்கும்.

* * *

சாலையில் கொஞ்சம் தள்ளி சஃபையர் தியேட்டர் இருந்தது. 1964-ல் திறந்தது. சஃபையர், ப்ளூ டயமண்ட், எமரால்டு என்று ஒரே வளாகத்தில் மூன்று தியேட்டர். ப்ளூ டயமண்டில் படம் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். வெயிலுக்கு ஒதுங்குகிறவர்கள், மெடிக்கல் ரெப்கள், காதலர்கள் என்று எல்லா ஜாதி மனிதரும் அந்த ஏ.சி.க்கு நன்றிக்கடன் பட்டவர்கள். கிளைமாக்ஸைப் பார்த்துவிட்டு முதல் ரீலைப் பார்த்த அனுபவம் எனக்கும் உண்டு. கொலைகாரன் யார் என்று தெரிந்துகொண்டு படம் பார்ப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது! தொண்ணூறுகளில் சஃபையரை மூடிவிட்டார்கள்.

சுற்றி முடித்து கதீட்ரல் ரோட்டுக்கு வந்தேன். 1835-ல் ஆரம்பித்த வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் வசம் இருந்த தோட்டம் இந்தப் பக்கமெல்லாம். அதில் ஒரு பகுதியில் 1962-ல் கே.கிருஷ்ணராவ் ‘உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்’ ஆரம்பித்தார். மரத்தடியில் காரை நிறுத்தினால், ஜன்னலில் தட்டை மாட்டி, சுடச்சுட டிபன் கொடுப்பார்கள். கார் இல்லாதவர்களுக்கும் உள்ளே இடம் உண்டு. திருவல்லிக்கேணி மேன்ஷனிலிருந்து நடந்தே வரும் எங்களுக்கு அது ‘வாக்-இன்’. ஒரு சோளா பட்டூரா, ரெண்டு காபி, நாலு பேர், மூணு மணி நேரம். யாரும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள்.

2008-ல் டிரைவ்-இன் மூடப்பட்டது. 2010 நவம்பரில் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா திறந்தார்கள். அதற்கு எதிர்ப்புறம், 2024 அக்டோபரில், கலைஞர் நூற்றாண்டு பூங்கா வந்தது. அதில் கம்பியில் தொங்கிக்கொண்டு அந்தரத்தில் போகிற ஜிப்லைன் எல்லாம் இருக்கிறது.

பூங்கா வாசலில் வந்து நின்றேன். இங்கேதான் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவு நேரம் உங்களைச் சுற்ற வைத்ததில் அர்த்தமில்லை.

* * *

1993. மேன்ஷனில் என் ரூம்மேட் ஒருவன். கண்ணாடி கனத்தைப் பார்த்து ‘சோடாபுட்டி’ என்று பெயர் வைத்திருந்தோம். இரண்டு பேரும் சேர்ந்தே படித்து, சேர்ந்தே பரீட்சை எழுதி, சேர்ந்தே அமெரிக்கா போவதாகத் திட்டம். எனக்கும் ஒரு யூனிவர்சிடியில் இடம் கிடைத்திருந்தது. கடிதம் டிரங்குப் பெட்டியில், தீபாவளிச் சட்டைக்கு அடியில் இருந்தது.

அந்தக் காலத்தில் விசாவுக்கு ராத்திரியே வந்து பிளாட்பாரத்தில் வரிசையில் உட்கார வேண்டும். சோடாபுட்டிக்குக் கொஞ்சம் ஜுரம். “நீ தூங்கு, நான் இடம் பிடிக்கறேன்” என்று போனேன். பிளாட்பாரத்தில் நியூஸ் பேப்பர் விரித்து உட்கார்ந்திருந்தேன். கொசு, தெரு நாய், பாலத்தின் மேல் எப்போதாவது ஒரு லாரி. விடிகாலையில் அவன் குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்தான். இடத்தைக் கொடுத்துவிட்டு, டிரைவ்-இன் திறந்ததும் போய் உட்கார்ந்தேன்.

விசாவில் ஒரு சூட்சுமம் உண்டு. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கையில் கொடுத்தால் ஃபெயில். வாங்கி வைத்துக்கொண்டால் பாஸ். சோடாபுட்டி வெறுங்கையை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தான். கட்டிப்பிடித்துக்கொண்டோம். “அடுத்த மாசம் உனக்கு நான் இடம் பிடிக்கறேன்டா” என்றான்.

அடுத்த மாசம் வரவில்லை. அதற்கு முந்தைய வாரமே அப்பாவின் இன்லண்ட் லெட்டர் வந்திருந்தது. தங்கைக்கு வரன் அமைந்திருக்கிறது, தை மாசம் கல்யாணம், அறுவடை சரியில்லை என்று எழுதிவிட்டு, கடைசி வரியில், ‘அமெரிக்கா விஷயம் உன் இஷ்டம் போல் செய்’ என்று முடித்திருந்தார்.

‘போகாதே’ என்று எழுதியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ‘போ’ என்று எழுதியிருந்தால் போயிருப்பேன். ‘உன் இஷ்டம்’ என்ற வார்த்தைக்கு நம் வீடுகளில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். கடிதத்தைத் தீபாவளிச் சட்டைக்கு அடியிலேயே விட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம்கூட. அவரும் கடைசி வரை கேட்கவில்லை.

தங்கை நன்றாக இருக்கிறாள். நானும் நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் தினமும் கிண்டிக்கு ஆபீஸ் போகும்போது பஸ் பாலத்தில் ஏறும். இரண்டு வருஷம் நான் இடது பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. தூதரகம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

அது போகட்டும். முந்தின நாள் ராத்திரி நடந்ததுதான் முக்கியம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது பையன் கேட்டான்: “நிஜமா சொல்லுப்பா. நீயும் அம்மாவும் தனியா இருப்பீங்க. நான் போகட்டுமா, வேண்டாமா?”

நான் சொன்னேன்: “உன் இஷ்டம்டா.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. அப்பாவின் கையெழுத்தே கண் முன்னால் வந்தது. பையன் ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துவிட்டான்.

* * *

பத்தே முக்காலுக்கு வந்தான். முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். ஃபைல் இருந்தது. நீல பாஸ்போர்ட் இல்லை.

“வாங்கி வெச்சுக்கிட்டாங்கப்பா!”

குடையைக் கீழே போட்டுவிட்டேன். போன், வாட்ச், பர்ஸ் எல்லாவற்றையும் அவன் கையில் திணித்தேன். தூறலா, வேறு ஏதாவதா, கண்ணாடியில் ஈரம். துடைத்துக்கொண்டேன்.

“இப்ப சொல்லு. ஏன் ஜெமினி?”

“ஒரு குதிரையோட பேருன்னு சொல்வாங்கடா.”

“ஓஹோ! அதான் அங்க குதிரை சிலையா?”

“இல்லடா. அது, குதிரை ஓடக்கூடாதுன்னு வெச்ச சிலை.”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். தூரத்தில் அந்த ஆள் ஐம்பது வருஷமாகக் குதிரையை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார். பாவம், அவருக்குக் கை வலிக்காதா என்று தோன்றியது.

“டேய், நேத்து ராத்திரி உன் இஷ்டம்னு சொன்னேன்ல... அது சரியில்ல. என் இஷ்டத்தைச் சொல்றேன், கேட்டுக்கோ. போய்ட்டு வா. சந்தோஷமாத்தான் சொல்றேன்.”

அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் குடையை எடுத்து எனக்கே பிடித்துக்கொண்டு வந்தான்.

ஆயிரம் விளக்கு ஸ்டாப் வரை பேசிக்கொண்டே நடந்து போய், கிண்டி போகும் பஸ்ஸில் ஏறினோம். பாலத்தின் மேல் போகிற பஸ். பையன் ஜன்னலோரம். பாலம் ஏறியதும், எங்கள் வீட்டில் வழக்கமாகச் சொல்கிற தாத்தா வசனத்தை, தாத்தா குரலிலேயே எடுத்துவிட்டான்:

“கீழே ஆத்தையே காணோமே... அப்புறம் எதுக்குய்யா பாலம்?”

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். நான் ஆவலோடு காத்திருந்தேன்.

“டிக்கெட் எடுத்தாச்சா சார்?” என்றார்.